மூக்குக்காசு

அந்தப் பொது மருத்துவமனையில் அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிணவறைச் சாவி அவர் இடுப்பில் தொங்கியதால் வந்த பெயர். பிணவறை என்ற சொல்லை வாயால் சொல்ல யாருக்கும் பிடிக்காது. "சாவிக்காரரை வரச் சொல்லு" என்றால் போதும், வார்டில் என்ன நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். அவர் நடைபாதையில் வருவதைக் கண்டால் நோயாளிகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். மனிதர் தேநீர் குடிக்கப் போகிறார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வருகிற உடலை வாங்கிக் காலில் அட்டை கட்டுவது, குளிர்பெட்டியில் வைப்பது, டாக்டர் வந்ததும் அறுத்துக் காட்டுவது, டாக்டர் போனதும் தைத்துக் கழுவி உறவினர்களிடம் கொடுப்பது: இதுதான் வேலை. தையலில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சட்டைக் காலருக்கு மேலே ஒரு நூல் தெரியாது. அவர் மனைவியும் வீட்டில் துணி தைப்பவள். "நாங்க ரெண்டு பேருமே தையல்காரங்க. ஆனா நான் தச்சத மட்டும் இதுவரைக்கும் யாரும் லூசா இருக்குன்னு திருப்பிக் கொண்டுவந்ததில்ல" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழிப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

அந்த அறைக்கு அவர் வகுத்த சட்டம் ஒன்று இருந்தது. அங்கே யாரும் மூக்கைப் பொத்தக் கூடாது. நாற்றம் என்ற பேச்சே எழக் கூடாது. காறித் துப்பக் கூடாது. காரணம் இல்லாமல் வந்த சட்டம் இல்லை அது. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் உதவியாளர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தான். வாசலில் ஒரு தாய் நின்றிருந்தாள். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கைக்குட்டையைப் பார்த்தாள். "எம் புள்ளையா நாறுறான்?" என்று கேட்டாள். சாவிக்காரர் மீசையை உள்ளே இழுத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஓர் அறை விட்டார். அதற்குப் பிறகு அங்கே வேலை செய்த நால்வரில் ஒருவரும் மூக்கைத் தொட்டதில்லை. வெளியாள் யாராவது, "எப்படித்தான் இங்க இருக்கீங்களோ?" என்று முகம் சுளித்தால், நால்வரும் ஒரே குரலில், "ஏன், இங்க என்ன இருக்கு?" என்பார்கள். மற்ற மூவருக்கும் அது சட்டத்துக்கு அடங்கிச் சொன்ன பொய். சாவிக்காரருக்கு அது உண்மை. அவருடைய மூக்கு செத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது.

ஆனால் அந்த மூக்குக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. சம்பளச் சீட்டில் 'சிறப்புப் படி' என்று ஒரு வரி. பிணவறைக்காரர்கள் அதை மூக்குக்காசு என்பார்கள். அடிப்படைச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காசில்தான் சாவிக்காரரின் ஒரே மகள் தூரத்து நகரம் ஒன்றில் விடுதியில் தங்கி மருந்தாளுநர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே அதே படிப்பு இருந்தது. "அந்தக் காலேஜ்தாம்பா நல்ல காலேஜ்" என்று அவள் பிடிவாதமாகச் சொன்னபோது, மகளுக்கு இவ்வளவு விவரம் இருக்கிறதே என்று அவர் பூரித்துப்போனார். ஊர் முழுக்கச் சொன்னார்.

வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. மருத்துவமனையிலேயே குளித்துவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டுக்கு வந்து இன்னொரு குளியல். மனைவிக்கு முதுகுவலி என்பதால் முன்னறையில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் படுப்பாள். மெத்தை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சம்பளம் வந்ததும் மறக்காமல் அவளுக்கு ஒரு புட்டி தைலம் வாங்கிக்கொண்டு போவார். நல்ல காரமான தைலம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் ஊதியச் சீர்திருத்தம் வந்து ஏறியது.

அரசாங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய காலத்திலிருந்து சேர்ந்து சேர்ந்து, படிகள் மலையாகக் குவிந்திருந்தன. மின்சாரம் வந்து இரண்டு தலைமுறை ஆன அலுவலகங்களில் எழுத்தர்கள் லாந்தர் விளக்குப் படி வாங்கிக்கொண்டிருந்தார்கள். குதிரையே இல்லாத துறையில் ஒருவருக்குக் குதிரைத் தீவனப் படி. இதையெல்லாம் ஒழுங்குபடுத்த வெளியிலிருந்து நிபுணர்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களுடைய முறை எளிமையானது, நியாயமானதும்கூட. ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண். வெயில், சத்தம், நாற்றம், பார்க்கச் சகியாத காட்சி, மனச் சங்கடம் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. அந்த மதிப்பெண்ணை அதிகாரியிடம் கேட்க மாட்டார்கள். வேலை செய்கிறவனையே உட்காரவைத்துக் கேட்பார்கள். உழைக்கிறவன் சொல்லே ஆதாரம் என்று அவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

நிபுணர்கள் வருகிறார்கள் என்றதும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வழக்கம்போல ஓர் உத்தரவு போட்டார். எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். வருகிறவர்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. யார் வந்தாலும் கழுவுவதுதான் அங்கே பழக்கம். சாவிக்காரரும் ஆட்களும் பிணவறையை மேலிருந்து கீழ்வரை தேய்த்தார்கள். பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கழுவினார்கள். ஆள் வராத உடல்களை அவசர அவசரமாக அடக்கத்துக்கு அனுப்பினார்கள். கடைசியில் மீசை எங்கிருந்தோ ஒரு மல்லிகை வாசனைத் திரவம் வாங்கிவந்து மூலைக்கு மூலை அடித்தான்.

"கல்யாண மண்டபமாட்டம் ஆயிடுச்சுண்ணே" என்றான். "மாப்பிள்ளைதான் இன்னும் எந்திரிக்கல."

வந்தது ஓர் இளம்பெண், மடிக்கணினியோடு. கூடவே கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுக்காரர். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். அந்தப் பெண் உள்ளே வந்து, சாவிக்காரருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்க வேலையைப் பத்தி நீங்கதான் சொல்லணும். வேற யார் சொல்றதும் எங்களுக்கு வேணாம்" என்றாள்.

இத்தனை வருட வேலையில் அவருக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மீசையும் மற்ற இருவரும் பின்னால் கைகட்டி நின்றார்கள். வாசலுக்கு வெளியே, அன்று காலை இறந்த ஒரு பெரியவரின் மகன்கள் காத்திருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"இங்க துர்நாற்றம் எந்த அளவுக்கு இருக்கு? இல்லவே இல்லைன்னா பூஜ்யம். தாங்க முடியலைன்னா அஞ்சு."

"நாத்தமா? இங்கயா?" சாவிக்காரர் வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "நீங்களே மூச்ச நல்லா இழுத்துப் பாருங்கம்மா."

அவள் இழுத்துப் பார்த்தாள். மல்லிகையும் பிளீச்சிங் பவுடரும் வந்தன.

"மனச் சங்கடம்?"

"அவங்க என்னம்மா பண்ணப் போறாங்க? இந்த ஆஸ்பத்திரியிலயே வாயத் தொறந்து குறை சொல்லாதவங்க அவங்கதான்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. விரலை விசைப்பலகைக்கு மேலே நிறுத்தி வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுங்கய்யா. நீங்க சொல்றதத்தான் நான் போடுவேன். அப்புறம் மாத்த முடியாது" என்றாள்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? பூஜ்யம் போடுங்க. எல்லாத்துக்கும் பூஜ்யம் போடுங்க. நாங்க அதுக்கெல்லாம் அசர்ற ஆளுங்க இல்ல."

மற்ற மூவரையும் தனித்தனியாகக் கேட்டாள். "அண்ணன் சொன்னதுதான்" என்றார்கள் மூவரும்.

அன்றைக்கு வீட்டில் சாவிக்காரர் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. நாற்காலி போட்டதை இரண்டு முறை சொன்னார். மனைவி இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பூஜ்யம் என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் அவள் கால் ஒரு நொடி நின்றது.

சில மாதங்களில் புதிய ஊதிய ஆணை வந்தது. லாந்தர் விளக்குப் படி போயிற்று. குதிரைத் தீவனம் போயிற்று. மூக்குக்காசும் போயிற்று. புதிய பட்டியலில் சாவிக்காரரைவிட மருத்துவமனைத் தோட்டக்காரனுக்குச் சம்பளம் அதிகம். அவன் வெயிலுக்கு நான்கு கேட்டு வாங்கியிருந்தான். முள்ளுக்குத் தனியாக இரண்டு.

சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மீசை பிணவறைக்குள் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

"நாத்தமே இல்லன்னு சொன்ன வாயி எங்க? காட்டுங்க பாப்போம். அந்த வாயில இந்தச் சீட்ட வெச்சு நானே தச்சு விடுறேன்."

"நீயுந்தானடா பூஜ்யம்னு சொன்னே?"

"வேற எப்படிச் சொல்றது? நீங்க பூஜ்யம்னு சொல்லி முடிச்ச பெறகு நான் அஞ்சுன்னு சொன்னா? அன்னிக்கு அறைஞ்ச அறை இன்னும் காதுல கொய்யுங்குது எனக்கு. நீங்க பெரிய மனுஷன். உங்க கௌரவத்துக்கு எங்க நாலு வீட்டு அடுப்ப அணைச்சிட்டீங்க."

மற்ற இருவரும் அவரோடு பேசுவதையே விட்டார்கள். உடலைத் தூக்கும்போது மட்டும், "ம், தலைப்பக்கம்" என்பார்கள்.

சங்கச் செயலாளரிடம் போனார். எந்நேரமும் வறுத்த கடலைப் பொட்டலமும் கையுமாக இருக்கும் மனிதர் அவர். அன்று சாவிக்காரரைக் கண்டதும் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார்.

"உன் வாயால நீயே சொன்னத நீயே மாத்த முடியாது. விதியில இருக்கு" என்றார். "மறுபரிசீலனைக்குப் போகணும்னா வேற சாட்சி வேணும். உங்க டாக்டர் சொல்லுவாரா?"

டாக்டர் சொல்ல மாட்டார். தம் பிரிவில் சுகாதாரம் முதல் தரத்தில் இருப்பதாக அவர் தம் படிவத்தில் எழுதியிருந்தார். அதற்கு அவருக்கும் மதிப்பெண் உண்டு.

"அப்போ ஒரே வழிதான். வேலையோட பாதிப்பு வீட்டு வரைக்கும் வருதுன்னு குடும்பத்துல ஒருத்தர் வந்து சொன்னா எடுத்துக்குவாங்க. உன் வீட்டுக்காரம்மா வந்து, இந்தாளு நாறுறாருன்னு சொல்லணும்."

"அது பொய்யாச்சே!"

செயலாளர் எழுந்துபோய் ஏற்கெனவே திறந்திருந்த ஜன்னலை இன்னும் அகலமாகத் தள்ளினார்.

"பொய்தான்" என்றார், வெளியே பார்த்தபடி. "இருந்தாலும் சொல்லச் சொல்லு."

மனைவியிடம் கேட்க சாவிக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. கட்டிய புருஷனைப் பற்றி நாலு பேர் முன்னால் இப்படிப் பொய் சொல்லச் சொல்வதா? ஆனால் விடுதிக் கட்டணத்துக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டாவிட்டால் மகள் மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். மிச்சப் படிப்பை இங்கே பக்கத்துக் கல்லூரியில் தொடரலாம் என்று சொல்லிவிட்டார்கள். "வந்தா வரட்டுமே, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டுப் படிக்கட்டும்" என்று சாவிக்காரர் மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் பார்த்தார். கடைசியில் ஒருவழியாகச் செயலாளர் சொன்னதை மனைவியிடம் சொல்லிவிட்டார். அன்று மகளிடமிருந்து தொலைபேசி வந்தபோது அவள் அதை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது.

"எப்ப வரணும், எங்க வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

சாவிக்காரருக்குப் பாரம் இறங்கியது. அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். "நான் வந்தாலே வீடு பூரா நாறுதுன்னு சொல்லு. சாப்பாடு எறங்கலன்னு சொல்லு. கொஞ்சம் கூட்டியே சொல்லு, பரவால்ல. முடிஞ்சா அழு. பொய்யின்னு மட்டும் தெரிஞ்சிடக் கூடாது, என்ன?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரி."

"நடுவுல சிரிச்சுத் தொலைச்சிடாத."

"சிரிக்க மாட்டேன்."

மறுபரிசீலனைக் குழு, கண்காணிப்பாளர் அறையை ஒட்டிய கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தது. நீள மேசை. ஒரு பக்கம் அதே கண்ணாடிக்காரர், அதே இளம்பெண், நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர். எதிர்ப்பக்கம் சாவிக்காரர், மனைவி, செயலாளர். சுவரோரம் மீசையும் மற்ற இருவரும். அவர்களுடைய காசும் இந்தச் சாட்சியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா. உங்க கணவரோட வேலையால வீட்டுல ஏதாவது பாதிப்பு இருக்கா?" என்று இளம்பெண் கேட்டாள்.

"இருக்குங்க. அவர் மேல நாத்தம் வரும்" என்றாள் மனைவி.

நல்ல தொடக்கம் என்று சாவிக்காரர் நினைத்தார்.

"குளிச்சிட்டு வருவாரே?"

"குளிச்சாலும் போகாதுங்க. அது தோலுக்கு மேல இல்ல. வேர்வையில வரும், மூச்சுல வரும். அவர் தலகாணி உறைய நான் மத்த துணியோட போட மாட்டேன். தனியா வெந்நீர்ல கொதிக்க வெப்பேன். அவர் வேலைக்குப் போன பெறகு கொதிக்க வெப்பேன், பாத்தா வருத்தப்படுவாருன்னு."

சாவிக்காரர் மேசைக்கு அடியில் தன் தொடையைத் தட்டிக்கொண்டார். தலையணை உறையெல்லாம் அவர் சொல்லிக் கொடுக்கவே இல்லை. என்ன மாதிரி ஜோடிக்கிறாள்! சுவரோரம் மீசையின் கண்ணைத் தேடிப் பிடித்து, எப்படி என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

"தூக்கம்?"

"எனக்கு முதுகுவலின்னு சொல்லித் தரையில படுக்கறேன். எனக்கு முதுகுவலி இல்லீங்க."

சாவிக்காரரின் புருவம் அப்படியே நின்றது.

"சம்பளம் வந்தா தைலம் வாங்கிட்டு வருவாரு. முதுகுல தேய்க்கறதா நெனப்பாரு. நான் மூக்குக்குக் கீழ தடவிக்குவேன். அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்ல, அதுக்கு."

இளம்பெண் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு காலமா?"

"கல்யாணம் ஆன நாள்லேந்து. புள்ளை உண்டானப்ப பத்து மாசமும் வாந்தி. எல்லாரும் மசக்கைன்னாங்க. இவரும் அப்படித்தான் நெனச்சாரு. இப்பவும் அதைப் பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, எம் பொண்ணு வயித்துலயே ஆட்டம் போட்டான்னு. அது புள்ளையால வந்த வாந்தி இல்லீங்க."

செயலாளர் தொண்டையைச் செருமினார். போதும் என்று சொல்ல நினைத்தாரோ என்னவோ. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. புகாரும் இல்லை, அழுகையும் இல்லை. அளவு எடுத்துச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது வேணாம்னு நான்தான் சொன்னேன். ஒண்ணு போதும், நல்லா வளக்கலாம்னேன். அது காரணம் இல்ல. இன்னொரு தடவ என்னால அவர் பக்கத்துல…" அவள் நிறுத்தினாள். "அத எழுத வேணாம்மா."

"எழுதினாத்தான் மதிப்பெண் கணக்குக்கு வரும்" என்றாள் இளம்பெண், மெதுவாக.

மனைவி யோசித்தாள். "சரி, எழுதிக்கோங்க" என்றாள்.

"மகளுக்குப் பாதிப்பு?"

"பக்கத்துல காலேஜ் இருந்தும் அவ ஏன் அவ்ளோ தூரம் போனா? அப்பா பாக்கப் போனா பஸ் ஸ்டாண்டுலயே நிக்கச் சொல்லுவா. விடுதியில ஆம்பளைங்கள விட மாட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கா. மத்த பொண்ணுங்க அப்பாங்க எல்லாம் உள்ள போய்ச் சாப்பிட்டுட்டுத்தான் போறாங்க."

சாவிக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். செயலாளர் அவர் தோளில் கைவைத்து அழுத்தினார். அழுத்திய கையை உடனே எடுத்தும் கொண்டார். எடுத்த வேகம் சாவிக்காரருக்குப் புரிந்தது. அதுவரை வாழ்நாளில் அவர் கவனித்திராத ஒரு வேகம் அது.

கண்ணாடிக்காரர் முதன்முறையாக வாயைத் திறந்தார். "பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்று சொல்லுங்கள், அம்மா."

"அஞ்சோட முடிஞ்சிடுதாங்க?" என்று கேட்டாள் அவள்.

மூக்குக்காசு திரும்பி வந்தது. முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகவே வந்தது. குடும்பத்தைத் தொடரும் பாதிப்பு என்று தனி மதிப்பெண் கிடைத்திருந்தது. நிலுவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மகளின் கட்டணம் கெடுவுக்கு முன்பே கட்டியாயிற்று. பிணவறையில் எல்லோரும் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். மீசைதான் தலைகால் தெரியாமல் ஆடினான்.

"அண்ணி என்னா நடிப்புண்ணே! அந்தத் தைலம் பாத்தீங்களா? மூக்குக்குக் கீழ தடவிக்குவேன்! யாருக்குண்ணே தோணும் அது?" அவன் துணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு, குரலை மெலிதாக்கிக்கொண்டு நடித்துக் காட்டினான். "எனக்கு முதுகுவலி இல்லீங்க!" மற்ற இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வார்டு உதவியாளர்கள் வந்து இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். சமையற்கூடம் வரைக்கும் அது பரவியது.

சாவிக்காரரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் அது நடிப்பில்லை என்று தெரிந்துவிடும்.

வீட்டில் அவர் கேட்டது ஒரே ஒருமுறைதான். சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "சும்மாதானே சொன்னே?" என்றார்.

"காசு வந்திடுச்சில்ல?" என்றாள் அவள்.

"இல்ல, எங்கிட்டயாவது ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். நான் ஏதாச்சும் பண்ணியிருப்பேன்."

"என்ன பண்ணியிருப்பீங்க? வேற வேலைக்குப் போயிருப்பீங்களா? நீங்க போனா அந்த வேலையில எவ்ளோ நல்லா தைப்பேன்னு யார்கிட்ட சொல்லிக்குவீங்க?" அவள் குரலில் சூடு இல்லை. "அவ இந்த வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. அதுக்குத்தான் வந்து சொன்னேன். உங்களுக்கும் சேத்து எல்லாத்தையும் மறைச்சு வெக்கறது எனக்கு மட்டும் சுகமா இருந்துச்சா?"

சொல்லிவிட்டதால் அவளுக்கு ஒரு சௌகரியம் வந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. அவர் தெருவில் வரும்போதே ஜன்னல்களைத் திறந்துவைத்தாள். தலையணை உறையை அவர் கண்முன்னாலேயே இடுக்கியால் எடுத்தாள். தைலத்தை அவர் எதிரிலேயே தடவிக்கொண்டாள். ஒருநாள் அவருடைய மெத்தையைச் சுருட்டிப் பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். கோபத்தில் போட்டதல்ல, மழைச் சாரல் அடிக்காத இடமாகப் பார்த்து, மேலே ஒரு தகரமும் சாய்த்து வைத்திருந்தாள். சோறு அங்கேயே வரும். சூடாகத்தான் வரும்.

அங்கே உட்கார்ந்துகொண்டு சாவிக்காரர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்ப்பார். சட்டையைக் கழற்றி அக்குளில் முகர்ந்து பார்ப்பார். ஒன்றும் வராது. சோப்புகூட வராது. தட்டில் இருக்கும் குழம்பை முகர்ந்து பார்ப்பார். அதுவும் வராது.

ஓராண்டு முடிந்ததும் நிபுணர்களிடமிருந்து கடிதம் வந்தது. குடும்பத்தைத் தொடரும் பாதிப்புக்கு அளிக்கப்படும் மதிப்பெண், ஆண்டுதோறும் அதே சாட்சியின் நேர்வாக்குமூலத்தால் உறுதி செய்யப்பட வேண்டும். முந்தைய ஆண்டு கூறியவற்றையே திரும்பக் கூறுவது ஏற்கப்படாது. பாதிப்பு தொடர்கிறது என்பதற்குப் புதிய விவரம் வேண்டும். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது.

விசாரணை நாளன்று மனைவி தலைவாரி முடித்துவிட்டுப் பின்கட்டுக்கு வந்தாள். நிலைப்படிக்கு உள்பக்கமே நின்றாள்.

"புதுசா ஏதாச்சும் சொல்லணுமாம்ல. எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்குது. நெஞ்சுல இருந்தத எல்லாம் அன்னிக்கே கொட்டிட்டேன்."

சாவிக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தார். பயனுள்ளதாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே இருந்தது.

"மெத்தைய வெளிய போட்டத சொல்லேன்" என்றார். "அது போன வருஷம் இல்லதானே?"

"அது ஆகும்" என்றாள் அவள். "ஒண்ணு போதுமா?"

"பொண்ணு இப்பல்லாம் எங்கூட போன்லகூடப் பேசறதில்ல. நீ எல்லார் முன்னாடியும் சொன்ன பெறகு, இனிமே சாக்கு சொல்ல வேணாம்னு ஆயிடுச்சு அவளுக்கு. அதையும் சேத்துக்கோ." பொத்தான் போட்டு முடித்தார். "அத மொதல்ல சொல்லு. மெத்தைய அப்புறம் சொல்லு. அந்தப் பொண்ணு நல்லா எழுதிக்குவா."

அவள் தலையசைத்தாள். இருவரும் தெருவில் இறங்கினார்கள். அவர் இரண்டு எட்டு பின்னால் நடந்தார். தெருமுனை திரும்பியதும் காற்று முகத்துக்கு நேராக அடித்தது. பின்னால் நடப்பதே இப்போது சரி என்று பார்த்துக்கொண்டு, அங்கேயே நடந்தார்.